பதினைந்து மில்லி கூடுதல்

கறுப்புத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று, பத்தாயிரம் வரை போக வேண்டும், இந்தப் பழைய கம்ப்யூட்டர் அதை முடிக்க ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும், நான்கு மணி வரைக்கும் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும் என்று சாருமதி நினைத்தாள். இந்தக் கணக்கை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டெனாவின் ஒன்பது கம்பிகளையும் அங்கே ஒரு மில்லிமீட்டர் கூட்டி இங்கே ஒரு மில்லி குறைத்துப் பத்தாயிரம் விதமாகப் பார் என்று அவள்தான் ஏவிவிட்டிருந்தாள். திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வேலை செய்துகொண்டிருப்பவளிடம் வந்து கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்கக் கொஞ்சமாவது தயங்குவார்கள். தாள் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது. காலையில் தலைமை என்ஜினியர் சென்னியப்பன் சார் வைத்துவிட்டுப் போனது, வைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நடக்கிற வேகத்திலேயே போட்டது, அது வழுக்கி அவள் தண்ணீர் பாட்டிலில் மோதி நின்றது. கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில் நான்கே வரி. கடலோரக் கம்பியில்லா நிலையத்துக்குச் செய்து கொடுத்த திசை ஆண்டெனாக்கள் சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் வடிவமைப்பு மென்பொருளின் கணக்குப் பிழை, சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு, இதற்கு நானே பொறுப்பு. நானே. இன்னொருவர் டைப் அடித்து, இன்னொருவர் பிரிண்ட் எடுத்து, இன்னொருவர் கொண்டுவந்து போட்ட 'நானே'. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர், இனிஷியல்கூடத் தப்பு. இரண்டு வருஷமாக மாதா மாதம் சம்பளச் சீட்டில் அச்சடிக்கிற பெயர், அதில் ஒரு எழுத்தைச் சரியாகப் போட முடியவில்லை, ஆனால் குற்றத்தை மட்டும் அவள் பெயருக்கு நேராகச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நான்கு மணிக்கு அந்தக் கடலோர ஊரிலிருந்து வந்திருக்கும் சேசுராயன் கையில் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டுமாம். படகுக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் அவர். பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோயம்புத்தூர் வந்து, இந்தத் தொழிற்பேட்டையின் நான்காவது தெருவைக் கண்டுபிடித்து, வரவேற்பறை நாற்காலியில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். இரவில் லாட்ஜில், பகலில் இங்கே. அவருக்குத் தேவை ஆண்டெனா. கொடுக்கப்போவது தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதின்மூன்று. ஏசி இல்லாத அறையில் மின்விசிறி தாளின் ஒரு முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடுத்த கட்டடத்தில் ஒர்க்‌ஷாப், அங்கிருந்து அலுமினியம் அறுக்கிற சத்தம், பல்லில் படுகிற சத்தம். பன்னிரண்டு ஆண்டெனாவுக்கு ஆர்டர், இரண்டு முடிந்து போய்விட்டது, மீதிப் பத்துக்கும் கம்பி வெட்டிச் சுவரோரம் அடுக்கியாயிற்று. முன்பெல்லாம் டிவிக்காக மொட்டைமாடிகளில் மீன் முள் மாதிரி நின்றதே, அந்த வகைதான். நடுவில் ஒரு நீளக் குழாய், அதைத் துளைத்துக்கொண்டு குறுக்கே ஒன்பது கம்பிகள், முன்னால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிறவை. கம்பிகளின் நீளமும் இடைவெளியும் சரியாக அமைந்தால் கரையிலிருந்து பேசுகிற குரல் நாலா பக்கமும் சிதறாமல் கடலைப் பார்த்து மட்டும் குவிந்து போகும். அந்த நீளத்தையும் இடைவெளியையும் கண்டுபிடிக்கத்தான் அவள் இந்தக் கறுப்புத் திரையில் தட்டுகிறாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. ஒரு வரி எழுதினால் ஒரு பதில் வரும். தப்பாக எழுதினால் தப்பு என்று சொல்லும், எந்த வரியில் தப்பு என்றும் சொல்லும், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாது. சிரிக்காது. நேற்றைக்கு நீ செய்த தப்பை இன்றைக்கு எடுத்துப் பேசாது. கல்லூரியில் முதல்முறை அதன் முன்னால் உட்கார்ந்தபோதே அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது, மனிதர்களிடம் இப்படி எழுதிக் கேட்டு எழுதி வாங்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சென்னியப்பன் சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "என்ன கண்ணு, உன் கிளி இன்னைக்கு எந்தச் சீட்டு எடுத்துச்சு?" என்பார், அறையில் இருக்கிற நாலு பேரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்தச் சிரிப்பை நாள் முழுக்க வாய்க்குள் கசப்பாக வைத்துக்கொண்டிருப்பாள். "முப்பத்தியோரு வருசமா நானு ஆண்டெனா கட்டுறேன் கண்ணு. எனக்கு எந்தக் கிளியும் சீட்டு எடுத்துக் குடுத்ததில்லை. கிராஃப் தாளு, ஸ்கேலு, பென்சிலு. மலை மேல ஏறிப் பாரு, நான் கட்டுனது இன்னும் நிக்குது." நிற்கும். நிற்கவில்லை என்று யார் சொன்னார்கள்? அவர் கட்டியது நிற்கிறது என்பதால் அவள் எழுதியது தப்பாகிவிடுமா?

முதல் நாள் சேசுராயன் வந்தபோது சார் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, இவள் மேசையிலிருந்தே எல்லாம் கேட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், பழைய ஒத்தக் கம்பிய எறக்கிட்டு உங்க ரெண்டையும் ஏத்துனோம். கத்துதோம், கத்துதோம், போட்டுல ஒருத்தனுக்கும் கேக்கல. ஊருக்குப் பின்னால வல்லம், போட்டு ரிப்பேர் பாக்குற ஷெட்டுல ஒரு பழைய செட்டு கெடக்கு, அதுல இடி மாதிரி கேக்கு. கடலுக்குப் பேசச் சொன்னா உங்க ஆண்டெனா பனங்காட்டுக்குல்லா பேசுது." சார் சிரித்தார், அவரும் சேர்ந்து சிரித்தார், பிறகு அதே குரலில் சொன்னார், இருபத்தாறாம் தேதி காத்து கூடப்போவுதுன்னு எல்லாப் போட்டையும் திரும்பச் சொன்னோம், ரெண்டு போட்டுக்குக் கேக்கவே இல்ல, ரெண்டு ராத்திரி வெளியவே கெடந்தானுவ, டீசல் தீர்ந்து, கட்டி இழுத்துட்டு வரும்போது கயிறு சுத்தி போட்டுல இருந்த இஞ்ஞாசிக்கு ரெண்டு விரல் போயிட்டு. போயிட்டு. பஸ் போயிட்டு என்கிற மாதிரி. அன்றைக்கு மத்தியானம் இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் காலி இடத்தில், வெட்டி அடுக்கிய கம்பிகளில் ஒரு ஆண்டெனாவைக் கட்டி நிறுத்தி சார் அளந்து பார்த்தார். முன்னால் சோர்வு, பின்னால் பலம். கையிலிருந்த மீட்டரைத் தட்டிப் பார்த்தார், வேறு மீட்டர் கொண்டுவரச் சொன்னார், பிறகு கூட்டத்துக்கு நடுவில் அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "கிளி கவுத்துருச்சு," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அதற்கப்புறம் மூன்று நாளாக மீட்டிங். பழைய முறைப்படி எல்லாவற்றையும் புதிதாக வரைவது என்று ஒரு மீட்டிங், புது வரைபடத்துக்கு எத்தனை வாரம் ஆகும் என்று ஒரு மீட்டிங், இனிமேல் அந்த மென்பொருளைத் தொடுவதில்லை, சாருமதி டெண்டர் டைப் அடிக்கிற பிரிவுக்குப் போகட்டும் என்று ஒரு மீட்டிங். சரி செய்ய எத்தனை வாரமும் வேண்டாம். ஒரு ரம்பமும் ஒரு அரமும் அரை நாளும் போதும். ஒவ்வொரு கம்பியிலும் இந்த முனையில் ஏழரை மில்லி, அந்த முனையில் ஏழரை மில்லி. வெட்டி எறிந்தால் முடிந்தது. அது இந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத் தெரியும், அவள் இரண்டாயிரத்து இருநூற்று எட்டு, இரண்டாயிரத்து இருநூற்று ஒன்பது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று மனம் கேட்டது, கேட்டதும் எரிச்சல் வந்தது, ஏன் சொல்ல வேண்டும், அவர்கள் யாராவது கேட்டார்களா, மூன்று மீட்டிங்கில் ஒரு தடவையாவது சாருமதி உனக்கு என்ன தோணுது என்று கேட்டார்களா, கேட்கவில்லை, தாளைத்தான் கொண்டுவந்து போட்டார்கள். இப்படித்தான் மூன்று நாளாகச் சுற்றுகிறாள். கேட்கவில்லை அதனால் சொல்லவில்லை, சொல்லவில்லை ஏனென்றால் கேட்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் துணி ஆணியில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்கிறது, அந்த இடம் போன மாதம் பதினாலாம் தேதி. கணக்கு ஓடுகிற சாளரத்துக்குப் பக்கத்தில் அவள் இன்னொரு கறுப்புச் சாளரத்தைத் திறந்தாள். மேல் அம்புக்குறியைத் தட்டினாள். முன்பு எழுதிய வரிகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும், நேற்று எழுதியது, அதற்கு முந்தைய நாள் எழுதியது, இன்னும் தட்டினால் போன வாரம். தட்டிக்கொண்டே போனால் அது வரும். வருவதற்கு இரண்டு வரி முன்னால் நிறுத்திவிட்டாள். ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் நின்றது, யாரோ டீ வந்துவிட்டது என்று கத்தினார்கள். அன்றைக்கும் டீ நேரம்தான். யாரோ மேசையில் விட்டுப்போன அளவு நாடாவைத் திருப்பிக் கொடுக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். உள்ளே எண்ணெய் வாசனை, செருப்புக்கு அடியில் அலுமினியத் தூள் நறநறவென்றது. சுவரில் அவள் கொடுத்த வெட்டு அளவுப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, தான் எழுதிய எண்கள் சுவரில் இருக்கின்றன, அதைப் பார்த்து மனிதர்கள் உலோகத்தை அறுக்கிறார்கள். பிறகுதான் சிவப்பு மை கண்ணில் பட்டது. ஒவ்வொரு நீளத்துக்கும் பக்கத்தில் கூட்டல் குறி, பதினைந்து. ஒன்பது வரிக்கும் பதினைந்து. சார் எழுத்து, ஒன்றுக்குத் தொப்பி போடுகிற எழுத்து. ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நடுக்குழாய் உலோகம், கம்பி அதற்குள் புகுந்து போகிறது, குழாய்க்குள் மறைகிற பாகம் வேலைக்கு ஆகாது, அதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பியையும் கொஞ்சம் நீட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சார் முப்பத்தியோரு வருஷமாக அச்சடித்த ஒரு கிராஃப் கோட்டைப் பார்த்து அதைக் கையால் கூட்டி வருகிறார். ஆனால் மென்பொருள் குழாயின் தடிமனை முதலிலேயே கேட்டு வாங்கி, தானே கூட்டித்தான் நீளத்தைச் சொல்கிறது. சொன்ன நீளத்தில் பதினைந்து ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பதினைந்து. ஒரு சுண்டுவிரல் அகலம். அந்த அகலத்தில் ஆண்டெனா கடலை விட்டுவிட்டு முதுகுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபோர்மேன் மயிலானந்தம் டீ கிளாஸோடு வந்தார். "என்னங்க அம்மிணி, வழி தப்பி வந்துட்டீங்களாட்ட இருக்குது? பாத்துங்க, சுடிதார்ல கிரீஸ் ஆயிரும்." ரம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும், டீ நேரத்துச் சிரிப்பு. "இந்தச் செவப்பு..." என்று ஆரம்பித்தாள், "என்னங்க?" என்று அவர் காதைக் கொண்டுவந்தார், "டேப்புங்க," என்று சொல்லி நாடாவை நீட்டினாள். டேப்புங்க! அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை, அதுதான் கொடுமை. எல்லா நீளத்திலும் பதினைந்து கூட்டி ஒரு கோப்பு எழுதினாள், பெயரும் பதினைந்து என்றே வைத்தாள், எல்லாத் திசையையும் சேர்த்து முழுக் கணக்காக ஓட்டினாள். நான்கு நொடி. முன்பக்கம் பலம் பதினொன்றரை டெசிபல் வர வேண்டிய இடத்தில் நான்கு. ஒன்றுமே இருக்கக் கூடாத பின்பக்கத்தில் ஏழு. நான்கு நொடியில் தெரிந்தது. பத்தொன்பது நாளாகத் தெரிந்தே இருக்கிறது. அன்றைக்குச் சார் ஊரில் இல்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவர் அறையில் ஆள் இருந்தது. அதற்கு மறுநாள் அவர் கோபமாக இருந்தார். ஒருவேளை அவருக்கு வேறு காரணம் இருக்கலாம், குழாயை மாற்றியிருக்கலாம், இத்தனை வருஷ ஆளுக்குத் தெரியாதா, நான் யார் போய்ச் சொல்ல. பதினெட்டாம் தேதி லாரி வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தாள், இரண்டு ஆண்டெனாவையும் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தார்கள், கம்பி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நீட்டிக்கொண்டிருந்த அந்த முனைகளில்தான் கூடுதலான பதினைந்து இருந்தது, மாடியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது.

நாலாயிரத்து ஐந்நூற்று இரண்டு. எப்போதும் இப்படித்தான், கண் எல்லாவற்றையும் பார்த்துவிடும், வாய் வராது. காந்திபுரம் சிக்னலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டை மடக்காமல் கிளம்புகிறவர்களைப் பார்த்து ஊரே கத்தும், பஸ் டிரைவர் கத்துவார், பூக்காரம்மா கத்துவார், "அக்கா சைடு ஸ்டாண்டு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தும். ஒரு தடவை அப்படி ஒரு பெண்ணின் பின்னால் தன் ஸ்கூட்டியில் ஒன்றரைக் கிலோமீட்டர் போனாள், வீட்டுக்குப் போகிற திருப்பத்தை விட்டுவிட்டுப் போனாள், பக்கத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்று போய்க்கொண்டே இருந்தாள், வளைவு வருவதற்குள் யாரோ ஒருவர் கத்த, அந்தப் பெண் காலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இவளுக்கும் சேர்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அம்மா, சாதுப் பொண்ணு, அவ வாயில ஒரு வார்த்தை வராது, என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். பெருமை! பள்ளிக்கூடத்தில் அதற்கு நல்லொழுக்கப் பரிசு கொடுத்தார்கள், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வாயைத் திறக்காததற்குப் பரிசு கொடுத்து வளர்த்துவிட்டு, வாயைத் திறக்காததைப் பார்த்துத் தாளைக் கொண்டுவந்து போடுகிறார்கள், இவள் போடுவாள் என்று தெரியும், இவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்று தெரியும், அவள் கையெழுத்தை அவளைக் கேட்காமலே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வெட்டு அளவுப் பட்டியலின் முதல் வரியில் அவள் எழுதித்தான் இருந்தாள், குழாய்க்கான திருத்தம் சேர்க்கப்பட்டுள்ளது என்று. எழுதியிருந்தாள், ஆனால் எப்படி? எட்டுப் புள்ளி அளவுப் பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில், யாரையும் தொந்தரவு செய்யாத அளவில். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு வரி. அதை யார் படிப்பார்கள்? ஐம்பத்தெட்டு வயது ஆள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டுமா? படிக்க வேண்டும்தான், ஆள் உயிர் சம்பந்தப்பட்ட வேலை, படித்தே தீர வேண்டும், ஆனால் பெரிதாக எழுத என்ன கேடு வந்தது உனக்கு?

மேல் அம்புக்குறியை இன்னும் இரண்டு முறை தட்டினாள். வந்துவிட்டது. பதினைந்து என்ற பெயர் போட்ட வரி, கர்சர் அதன் முடிவில் மினுங்கியது. அன்றைக்கு வந்த விடையும் கோப்பாக அப்படியே இருந்தது, பதினாலாம் தேதி, மாலை நான்கு பதினொன்று. மென்பொருளில் தப்பில்லை என்று காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இதைக் காட்டினால் பதினாலாம் தேதியே தெரியும் என்பதும் சேர்ந்தே வெளியே வரும். அப்போதுதான் அந்த யோசனை மெதுவாக, வீட்டு வேலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாக வந்தது. எதற்குப் பழையதைக் காட்ட வேண்டும்? இதே வரியை இப்போது ஓட்டு. அதே எண்கள் வரும், இன்றைய தேதியில். பழையதை அழி, ஒரு வரியில் அழிந்துவிடும், கறுப்புத் திரை ஏன் என்று கேட்காது. நாலு மணிக்கு உள்ளே போ, இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன் என்று சொல். யாருக்குத் தெரியும்? கையெழுத்தும் போட வேண்டாம், டெண்டர் பிரிவுக்கும் போக வேண்டாம், மூன்று நாளாக யாராலும் முடியாததை ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்று முதலாளிவரை பேச்சுப் போகும். மயிலானந்தம் எழுந்து நின்று வாங்க அம்மிணி என்பார். அவள் என்டர் தட்டினாள். நான்கு நொடி. நான்கு, ஏழு. பிரிண்டரில் ஒரு தாள் சூடாக வந்து விழுந்தது, அடியில் இன்றைய தேதி. பிறகு அழிக்கிற வரியை எழுதினாள். எழுதிவிட்டு அதைப் பார்த்தாள். கயிறு சுத்தி, போயிட்டு. எந்தக் கை என்று அவர் சொல்லவில்லை. அதை இவள் கேட்கவும் இல்லை. வலது கையா, எந்த இரண்டு விரல், இனி கயிறு பிடிக்க முடியுமா, வலை இழுக்க முடியுமா. பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நான்கு நாள் இருந்தது, நாலு நாளில் ஒரு நாள், ஒரு நிமிஷம், சார் அது ரெண்டு தடவை கூட்டிட்டீங்க, எத்தனை வார்த்தை அது. திடீரென்று கோபம் வந்தது, சார்மேல், கிளிமேல், டிபன் பாக்ஸ்மேல், யார்மேல் என்று பிரிக்க முடியாத கோபம், எழுதிய வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள், பழைய கோப்பைப் பிரிண்ட் கொடுத்தாள். இரண்டாவது தாளும் வந்து விழுந்தது. எண்கள் ஒரு புள்ளி மாறவில்லை. தேதி மட்டும் வேறு. எதைக் கொடுக்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டையும் கையெழுத்துப் போடாத தாளோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். திரையில் ஐயாயிரத்து எழுநூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் நிறுத்தினாள்.

சார் அறையில் சேசுராயன் வெள்ளைச் சட்டையில், மடியில் துணிப் பையோடு, நாற்காலியின் முன்னோரத்தில் உட்கார்ந்திருந்தார். சார் கையை நீட்டினார். "போட்டாச்சா கண்ணு? குடு." அவள் இன்றைய தேதி போட்ட தாளைக் கொடுத்தாள். "என்ன இது, மறுபடியும் கிளியா?" "சார், ரெண்டு தடவை கூட்டியிருக்கு." "எதை?" "பதினஞ்சை. மென்பொருளே கூட்டித்தான் குடுக்குது. அதுமேல நீங்க கூட்டியிருக்கீங்க." குரல் சிறியதாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அவர் சிரிக்க வாயெடுத்துவிட்டு நிறுத்தினார், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார், மேசை டிராயரிலிருந்து வெட்டு அளவுப் பட்டியலின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விரல் முதல் வரியில் போய் நின்றது. "இத்தனூண்டு எழுதுனா எவன் கண்ணுக்கும்மா தெரியும்?" என்றார். அது கத்தல் இல்லை. முப்பத்தியோரு வருஷத்தில் எந்தெந்த மலை, எந்தெந்தக் கம்பி என்று அவர் மனசு ஓடுவது முகத்தில் தெரிந்தது. அவருக்காகப் பரிதாபப்பட அவள் தயாராக இல்லை. "அப்போ வெட்டுனா சரியாயிருமா?" என்றார் சேசுராயன். "ஆயிரும். அரை நாள் வேலைங்க." அவர் முகம் மூன்று நாளில் முதல்முறையாகத் தளர்ந்தது. "ஏ யம்மா! இத்தன பேரு மண்டைய உடைச்சும் முடியாதத நீ ஒருத்தி கண்டுபுடிச்சுட்டியே. நல்லா இருப்ப பிள்ள நீ. ஊருல போயி சொல்லுதேன், ஒரு சின்னப் பிள்ளதாம் கண்டுபுடிச்சான்னு." கும்பிடுவதற்காக அவர் கைகளைச் சேர்த்தார். சேர்ந்த கைகளில் பத்து விரல். "இன்னைக்குக் கண்டுபிடிக்கலைங்க," என்றாள் சாருமதி. இரண்டாவது தாளை மேசையில் வைத்தாள். அவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானம்மா?" "தேதி வேற."

சார் தாளை எடுத்தார். "பதினாலு." அவளைப் பார்த்தார். "அன்னைக்கே தெரியுமா உனக்கு?" "தெரியும்." சேசுராயன் அவளைப் பார்க்காமல் சாரைக் கேட்டார், லாரி என்னைக்கு சார் கிளம்புச்சு, "பதினெட்டு," என்று அவளே சொன்னாள். மின்விசிறி கையெழுத்துப் போடாத தாளைத் தூக்கித் தரையில் போட்டது, யாரும் எடுக்கவில்லை. "ஏம்மா சொல்லல?" என்றார் சேசுராயன். ஆயிரம் காரணம் நாக்கின் நுனியில் நின்றது, கிளி, டீ நேரத்துச் சிரிப்பு, யாரும் கேட்கவில்லை, எட்டுப் புள்ளி எழுத்து. எல்லாம் உண்மைதான், ஆனால் அவர் கேட்டதற்கு அதில் எதுவும் பதில் ஆகாது. "சொல்லியிருக்கணும். சொல்லலை," என்றாள். "இஞ்ஞாசிட்ட நான் என்ன சொல்லட்டும்?" "தெரிஞ்சும் ஒருத்தி சொல்லலைன்னு சொல்லுங்க. எம்பேரையும் சொல்லுங்க." அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. துணிப் பையின் காதைச் சுற்றிச் சுற்றி முறுக்கினார், விட்டார். "அது நான் சொல்லுததா, நீ வந்து சொல்லுததான்னு பெறவு பாப்போம். இன்னைக்கு அஞ்சு மணிக்குப் போட்டெல்லாம் எறங்குது. மேல கெடக்க ரெண்டையும் இப்ப என்ன செய்ய?" வெட்ட ஆள் போக இரண்டு நாளாகும் என்று சார் முணுமுணுத்தார். "வெட்டுற வரைக்கும் திருப்பி வைக்கணும்," என்றாள் அவள், "முதுகு கடலைப் பார்க்கணும். முன்னால நாலு, பின்னால ஏழு, ஏழைக் கடலுக்குக் குடுங்க. பழைய ஒத்தைக் கம்பி இருந்தா அதையும் சேர்த்து ஏத்துங்க." சேசுராயன் எழுந்து, ஊரில் ஆண்டெனாக் கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிற பையனின் எண்ணைப் போனில் தட்டினார். "ஏல ரெக்ஸன், கோபுரத்துல ஏறு. ஏறுலே, சொல்லுதேன்லா. ஏறிட்டுப் பேசு." சிறிது நேரம் போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு போனை அவளிடம் நீட்டினார். "நீ சொல்லு. எனக்கு இது வெளங்காது." அந்தப் பக்கம் காற்று இரைந்தது, தகரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. "ரெண்டையும் பின்பக்கமா திருப்புங்க," என்றாள். "என்னது? கேக்கலம்மா!" "பின்பக்கமா..." "ஒண்ணும் கேக்கல, காத்து! சத்தமாச் சொல்லுங்க! யாரு பேசுதது?" அவள் மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "சாருமதி!" என்று கத்தினாள். அடுத்த அறையில் நாற்காலிகள் நகர்ந்தன, கதவருகே தலைகள் தெரிந்தன, அவள் நிறுத்தவில்லை. "இந்த ஆண்டெனாவை டிசைன் பண்ணினவ! கம்பி சின்னதா இருக்கிற பக்கம் இப்ப கடலைப் பார்த்து இருக்கா? அதை அப்படியே ஊர்ப்பக்கம் திருப்புங்க! முழுசா! பாதியில நிறுத்தாதீங்க, முழுசாத் திருப்புங்க!"